கடல் பக்கம் காலியாக இருக்கும் இடது விங்

சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனேன். கோயில் பார்க்க அல்ல. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் அங்கே இறந்துபோன ஒரு கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றி விசாரிக்க.

ஆபீஸ் வேலையாக ஸ்காட்லாந்தில் ஆறு மாதம் இருந்தபோது ஜீன் என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருடைய அப்பா அலெக், ஐம்பதுகளில் சம்பளத்துக்கு ஆடிய இடது விங்; மைதானத்தின் இடது ஓரமாகவே பந்தோடு ஓடுகிறவர். சுரங்க ஊரில் பிறந்து, பதினேழு வயதில் கிளப்பில் சேர்ந்தார். ஏழு சீசன் ஆடியபின் ஒரு கோப்பை ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது. காயம்பட்டவர் ஓரமாக நின்றுகொள்ள வேண்டியதுதான். ஒரு மணி நேரம் அப்படி நின்றார். அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துத் தனியாக வந்தார். ஞாயிறுகளில் இந்தக் குப்பத்துப் பையன்களோடு பந்து ஆடுவதாக வீட்டுக்கு எழுதியிருக்கிறார். கடலில் குளிக்கும்போது மூழ்கிவிட்டதாக வீட்டுக்குத் தந்தி போனது. “அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. கடலில் குளிக்கவே மாட்டார்,” என்றார் ஜீன். தானாகவே இறங்கிப் போனாரா என்ற கேள்வியோடுதான் அவர் இத்தனை காலம் இருந்திருக்கிறார்.

நான் இருப்பது படூரில். கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி மாமல்லபுரம், பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒன்பது கிலோமீட்டர், பத்து ரூபாய். டிரைவர் என் பையைப் பார்த்து, “சிற்பம்லாம் அந்தாண்ட கீது,” என்றார். பந்தாட்டம் பார்க்க என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

நான்கு மணிக்கு மணலில் ஆட்டம் தொடங்கியது. பக்கத்துக்கு எட்டுப் பேர். தெற்கு கோலை நோக்கி ஆடும் அணிக்குக் கடல் இடது பக்கம். ஈரமணல்தான் ஓட நன்றாக இருக்கும், ஆனால் அங்கே ஒருவர்கூட இல்லை. சரி, நாம் நிற்கலாம் என்று போனேன்.

“இன்னா மேடம், ஆளு நிக்கிற எடத்துல நின்னுகினு கீறீங்க?” படகோரம் உட்கார்ந்திருந்த ஏழுமலை கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி தெய்வானை, காலியான மீன் கூடையோடு.

“யாரும் இல்லையே?”

“நீங்க வந்துடுங்க.”

போய் உட்கார்ந்து, அலெக்கின் மகள் அனுப்பினார் என்றேன். ஏழுமலை என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கு முட்டி வீங்கிப் போச்சு அவருக்கு. வெளிய குந்துங்கன்னோம். அடிபட்டவன் ஓரத்துல நிக்கணும், அதான் ஆட்டம்னாரு. அவரு சொல்லிக்குடுத்ததுதான். ஓரத்துல நிக்கிறவன யாரும் பாக்க மாட்டான் மேடம். ‘குடு, குடு’ன்னு அவரு சத்தம் கேட்டுது. திரும்பிப் பாக்காமயே ஒதச்சேன். அப்பால பாத்தா அங்க ஆளு இல்ல. அலதான் கீது.”

“இவுரு பாஸ் எப்பவும் அப்டித்தான்,” என்றார் தெய்வானை. ஏழுமலை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சாவப் போறவன் பந்து கேப்பானா? அந்தப் பொண்ணாண்ட சொல்லுங்க.”

அப்போது மைதானத்தில் பதினாறு தலைகளும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பின. எனக்கு எதுவும் கேட்கவில்லை. பந்தை வைத்திருந்தவன் காலியான ஈரமணலுக்கு உதைத்தான். அலை அதை ஒரு சுற்றுச் சுற்றி, கோலுக்கு முன்னால் தள்ளியது. அதற்கு முன்பே ஒருவன் அந்த இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். கோல். யாரும் கத்தவில்லை. அடித்தவன் தண்ணீரைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினான்.

நீரோட்டம் அப்படி இருக்கலாம். பழக்கத்தில் ஓடியிருக்கலாம். பஸ்ஸில் இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

போனில் சொன்னபோது, என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று மட்டும் ஜீன் கேட்டார். சொன்னேன். அர்த்தத்தையும் சொன்னேன். “அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை,” என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. எந்தக் குப்பமானாலும் குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ஆறு மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். தெரியாத கரையில் கடலில் இறங்காதீர்கள். ஆட்டத்தைப் படகுகள் பக்கமிருந்து பாருங்கள்.

ஜனவரியில் ஜீன் வருகிறார். அந்த ஈரமணலில் கொஞ்ச நேரம் நிற்கலாமா என்று கேட்கச் சொன்னார். போன வாரம் போய்க் கேட்டேன். ஏழுமலை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு பொண்ணுதானே, நிக்கட்டும். ஆனா பந்து வந்தா வாங்கணும். சும்மா நிக்கக் கூடாது.”