முயல் வருஷம்

எழுபத்தைந்தில், கப்பலில் சிங்கப்பூர் போய்வந்த என் சித்தப்பா ஒரு சீனக் காலண்டர் கொண்டுவந்தார். அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பளபளப்பான தாளில் ஒரு வெள்ளை முயல். சீனர்கள் பன்னிரண்டு விலங்குகளுக்கும் ஆளுக்கொரு வருஷமாகப் பங்கு வைத்திருக்கிறார்களாம். இது முயலின் முறையாம். சித்தி பிறந்ததும் ஒரு முயல் வருஷத்தில்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அன்றுமுதல் சித்திக்கு வீட்டில் பெயரே முசலு. சீனர்களின் வருஷம் டிசம்பரோடு முடியாது, ஜனவரி கடைசிவரை ஓடும் என்பதை மட்டும் என் காதில் ரகசியமாகச் சொல்லிவைத்தார்.

அடுத்த கப்பல் கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாமல், ஐப்பசியில் கொழும்புக்குச் சரக்குத் தோணியில் கிளம்பினார். வாசலில் நின்று, "ஏளா முசலு, ஒன் வருசம் முடியதுக்குள்ள வந்துருவேன்" என்றார். மறுநாளே புயல் பிடித்துக்கொண்டது. தோணி கொழும்பையும் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை.

ஊர் நம்பிக்கையை விட்டுவிட்டது. சித்தி விடவில்லை. செத்தவர்களுக்கு வைக்கும் ஆத்துமப் பூசைக்குக் கொடுக்கலாமே என்று அம்மா மெல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாளே, நான் என்ன செய்ய என்று அம்மா புலம்பினாள். நான் போய்ப் படத்தைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த அந்த முயலுக்கும் மூன்று கால்தான் தெரிந்தது.

புது வருஷத்தன்று கோவில் காலண்டரை மாட்டுவதற்காக அம்மா முயலைக் கழற்றப் போனாள்.

"அது இன்னும் முடியலம்மா. ஜனவரி கடைசி வரைக்கும் இருக்கு. சித்தப்பா சொன்னாவ" என்றேன்.

அம்மா கையை எடுத்துவிட்டாள். சித்தி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜனவரி போனது. திங்கட்கிழமை காலையில், யாரும் சொல்லாமலே சித்தி காலண்டரை இறக்கினாள். கிழிந்துகிடந்த என் பூகோளப் புத்தகத்துக்கு, முயல் சரியாக நடுவில் வரும்படி மடித்து அட்டை போட்டுக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அதை நான் காட்டாத ஆள் இல்லை.

சாயங்காலம் வந்தபோது சித்தி கறுப்புச் சேலையில் இருந்தாள். கோவிலுக்குப் போய்ப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அம்மா கேட்டதுதானே நடந்திருக்கிறது, பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் முயலை யார் யாரெல்லாம் வாங்கிப் பார்த்தார்கள் என்று சித்தியிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.