இரண்டு ஷேடு ஏற்றிய முகம்

1. முதல் நாள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். என் வேலை ஷேடு மேட்சிங். பார்ட்டி கொடுத்த சாம்பிளில் இருக்கும் சிவப்பும் மெஷினிலிருந்து வரும் சிவப்பும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊறுகாய் பாட்டில் லேபிள், சோப்பு அட்டை, ஊதுபத்தி டப்பா என்று எல்லாச் சிவப்பையும் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்காக வரைவேன். முப்பத்து நான்கு வயதில் ஒருநாள் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். இனி ஓவியம்தான் பிழைப்பு என்று முடிவு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓவிய ஸ்டாண்டை நிறுத்தி, தலை வாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்தேன். பதினொரு மணிவரை யாரும் வரவில்லை. யார் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசியில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னிக்கு வேலைக்குப் போகல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வேலைய விட்டுட்டேங்கா. இனிமே பெயிண்டிங்தான்."

"அப்படியா? எங்க வூட்டு கேட்டு துருப்பிடிச்சுக் கெடக்குது. எப்ப வர்ற?"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை போய் உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பச்சை எனாமல் இரண்டு கோட் கொடுத்தேன். சுயதொழில் ஓவியராக என் முதல் ஆர்டர் ஒரு இரும்பு கேட். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கேட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

2. மஞ்சள் சுவர்

அடுத்த சில வருடங்கள் கடற்கரைப் பக்கத் தெருக்களை வரைந்தேன். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் போவேன். ஒன்பது மணிக்குள் வெயில் ஏறி நிழல் கெட்டுவிடும், அதற்குள் ஸ்கெட்ச் முடிய வேண்டும். காபிக் கடைகளின் சுவரில் படத்தை மாட்டி வைப்பார்கள். விற்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு மூன்று வேண்டும். மஞ்சள் சுவர், காகிதப் பூ, சாய்த்து வைத்த சைக்கிள். ஒருமுறை சைக்கிள் இல்லாமல் வரைந்து வைத்தேன். கடைக்காரர் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், ஒரு சைக்கிள நிறுத்திடுங்களேன், போயிடும்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து சைக்கிளை நிறுத்தினேன். அந்த வாரமே போய்விட்டது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கேட்டதைப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது. கம்பெனியில் பதினோரு வருடம் நிறம் மாறினால் மெஷினை நிறுத்தச் சொன்னவள், சொந்தமாகத் தொழில் செய்யத் தொடங்கியதும் எதற்கும் தலையாட்டக் கற்றுக்கொண்டேன்.

3. சாமி படத்துக்குப் பக்கத்தில்

நிரந்தர வருமானம் கொடுத்தது இறந்தவர்களின் போர்ட்ரெய்ட். ஊரில் எந்த மதத்துக் குடும்பமானாலும் இறந்தவர் படம் ஒன்று கூடத்தில் வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கி மாட்டுபவர்கள் உண்டு. கொஞ்சம் வசதி உள்ளவர்கள், அல்லது நல்ல போட்டோ இல்லாதவர்கள், ஆயில் பெயிண்டிங்குக்கு வருவார்கள். ரேஷன் கார்டிலிருந்து ஒரு முகம், கல்யாண ஆல்பத்தின் ஓரத்திலிருந்து ஒரு முகம், பஸ் பாஸிலிருந்து ஒரு முகம் என்று கொண்டுவருவார்கள்.

கூடவே வேண்டுகோள்களும் வரும். பொக்கை வாயில் பல் வைக்க வேண்டும். காதில் தோடு வேண்டும். உயிரோடு இருந்தபோது ஒரு குண்டுமணி தங்கம் போடாத அம்மாவுக்கு இரட்டை வடச் சங்கிலி வேண்டும். எல்லாரும் தவறாமல் கேட்பது ஒன்று: "கொஞ்சம் கலர் ஏத்திப் போடுங்க." அதாவது, இருந்ததைவிட வெளுப்பாக. எங்கள் தொழிலில் இதற்கு இரண்டு ஷேடு ஏற்றுவது என்று பெயர்.

நாளடைவில் யாரும் கேட்பதற்கு முன்பே நானே ஏற்றத் தொடங்கினேன். டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர், லைட் ரெட் மூன்றையும் சேர்த்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் மொத்தமாகக் கலந்து, காயாமல் இருக்க மேலே தண்ணீர் ஊற்றி மூடி வைப்பேன். எந்த முகம் வந்தாலும் அதிலிருந்துதான் தொடக்கம். வேலை சீக்கிரம் முடியும், பார்ட்டியும் சந்தோஷமாகப் போவார். முத்தியால்பேட்டையில் நான் வரைந்த படங்களை எல்லாம் ஒரே கூடத்தில் மாட்டினால், செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தெரிவார்கள்.

4. இது யாரு?

பிரான்ஸில் இருந்து சேவியர் என்பவர் போன் செய்தார். புதுச்சேரிக்காரர், போய் முப்பது வருடம் ஆகிறது. அவருடைய அம்மா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது, மாதா கோயிலில் முதல் வருஷப் பூசைக்கு ஊருக்கு வருகிறார், அன்றைக்குப் படம் வேண்டும், கையோடு எடுத்துப் போவார்.

"மதாம், அங்க என் வீட்டு சலோன்ல, முன்கூடத்துல மாட்டப் போறேன். நாலு பேர் வந்து பாக்கற எடம். நல்லா பளிச்னு இருக்கணும். கழுத்துல ஒரு செயினும் போட்டுடுங்க."

போட்டோ ஒன்றுதான் இருந்தது. ஒரு கல்யாண குரூப் போட்டோ. பின்வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் முக்கால் முகம். பழைய கலர் பிரிண்ட் என்பதால் மொத்தமும் சிவந்து போயிருந்தது, நிறத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. நானும் எடுக்க முயலவில்லை. டப்பாவைத் திறந்தேன். ஒரு மாதத்தில், மடியில் கை கோத்து உட்கார்ந்திருக்கும் அம்மா தயார். படம் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பூசைக்கு எட்டு நாள் இருக்கும்போது சேவியரின் அக்கா பார்க்க வந்தார். பெயர் லூர்து. ஓய்வு பெற்ற நர்ஸ், ரெட்டியார்பாளையத்தில் தனியாக இருக்கிறார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நல்ல கறுப்பு நிறம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான்.

"இது யாரும்மா?" என்றார்.

"உங்க அம்மாதான்கா."

"எங்கம்மா கறுப்பு."

"போட்டோ தெளிவா இல்லக்கா. அதோட, எல்லாருமே கொஞ்சம் ஏத்திப் போடச் சொல்றதுதான். உங்க தம்பியும்..."

"அவன் சொல்வான்." லூர்து அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். "அந்தப் போட்டோ எப்ப எடுத்தது தெரியுமா? எங்க சித்தப்பா கல்யாணத்துல. எங்கப்பாவோட அக்கா, எல்லார் முன்னாடியும் 'நீ பின்னால போய் நில்லு, போட்டோ கெட்டுடும்'னுச்சு. எங்கம்மா பின்னால போய் நின்னுச்சு. எனக்கு அப்ப ஒம்போது வயசு, நானும் கூடப் போய் நின்னேன். எங்கம்மாவுக்குன்னு இருக்கறது அந்த ஒரு போட்டோதான். இப்ப நீயும் அதையேதான சொல்ற? முன்னால வரணும்னா வெளுத்துட்டு வான்னு?"

கோபம்தான் முதலில் வந்தது. ஒரு மாத உழைப்பு, கேட்டதைத்தானே செய்தேன் என்ற கோபம். ஆனால் அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அம்மாவைப் பற்றி நான் ஒரு கேள்விகூட யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"மாத்திடறேன்கா" என்றேன். "செயினையும் எடுத்துடவா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "செயின் இருக்கட்டும். போட்டுக்கணும்னு ஆசை இருந்துச்சு. வெளுக்கணும்னு ஒருநாளும் ஆசைப்பட்டது இல்ல."

5. ஏழு நாள்

முகம், கழுத்து, கைகள் எல்லாவற்றிலும் மேல் பூச்சைக் கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் துணியால் துடைத்தேன். கேன்வாஸில் புடவையும் செயினும் மட்டும் இருக்க, நடுவில் சேறு பூசியதுபோல ஒரு இடம். அப்போதுதான் புரிந்தது. பதினைந்து வருடமாக போர்ட்ரெய்ட் வரைகிறேன், இந்த நிறத்தைக் கலக்க எனக்குத் தெரியவில்லை. டப்பாவில் இருந்ததோடு பிரவுன் சேர்த்தால் அழுக்கான வெள்ளை வந்தது. கறுப்பு சேர்த்தால் செத்த உடம்பு நிறம் வந்தது.

இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள் லூர்து அக்காவுக்குப் போன் செய்து, உங்கள் கை வேண்டும் என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

காலை பதினொரு மணி வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கம்பெனியில் செய்ததையே செய்தேன். டிரான்ஸ்பரன்ட் ஷீட் ஒன்றில் கலந்த நிறத்தை ஒரு பொட்டு தடவி அவர் முன்கையின் மேல் வைத்துப் பார்ப்பது, சரியில்லை என்றால் அடுத்த பொட்டு. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, அல்ட்ராமரைன் புளூ, கொஞ்சம் அலிசரின் சிவப்பு. வெள்ளை கிட்டத்தட்ட இல்லை. வெளிச்சம் விழும் இடத்தில் அந்தத் தோலில் நீலம் இருந்தது. மடிப்புகளில் சிவப்பு இருந்தது. ஒரே கைக்குள் ஒன்பது நிறம் எடுத்தேன். என் டப்பாவில் இருந்தது ஒன்று.

"அம்மா உங்களவிட கொறச்சலா, கூடவா?"

"ஒரு பொட்டு கூட." சிரித்தார். "என்னையே ஊர்ல எல்லாரும் கறுப்பும்பாங்க. எங்கம்மா பக்கத்துல நான் செவப்பு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் இருந்தேன். என் கையும் ஏறக்குறைய அதே நிறம்தான் என்பதை அன்றைக்குத்தான் ஒரு ஓவியராகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அம்பர் சீக்கிரம் காயும் நிறம். வெள்ளை அதிகமாக இருந்திருந்தால் ஏழு நாளில் முடிந்திருக்காது. பூசைக்கு முந்தின நாள் படம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்திருந்தது. ஆயில் படத்துக்கு வார்னிஷ் அடிக்க குறைந்தது ஆறு மாதமாவது ஆறப்போட வேண்டும் என்பதால், அது இல்லாமலே கொடுத்தேன்.

6. வருஷப் பூசை

பூசை முடிந்து ரெட்டியார்பாளையம் வீட்டில் சாப்பாடு. சேவியர் வந்து படத்தின் மேல் இருந்த துணியை எடுத்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் சொன்னது என்ன மதாம், நீங்க பண்ணியிருக்கறது என்ன?"

பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் லூர்து அக்கா சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தவர், அங்கேயே நின்று படத்தில் இருந்த கையைக் காட்டிச் சொன்னார்.

"நான்தான் மாத்தச் சொன்னேன். உன்ன இடுப்புல வச்சு இஸ்கூலுக்குத் தூக்கினு போனது இந்தக் கைதான்டா. நல்லா பாரு."

அவர் பார்க்கவில்லை. போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். படத்தை எடுத்துப் போகவும் இல்லை. அக்கா வீட்டுக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் பிரான்ஸுக்குப் போய்விட்டார்.

செய்தி பரவியது. "அவங்ககிட்ட குடுக்காதீங்க, கறுப்பா போட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டார்கள். சில மாதங்கள் போர்ட்ரெய்ட் ஆர்டரே இல்லை, திரும்பவும் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாக வேறு ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் மகள்கள், அம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு. லூர்து அக்கா வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பார்கள். உயிரோடு இருப்பவர்களை உட்கார வைத்து வரையும் வேலை அப்படித்தான் தொடங்கியது. இன்றைக்கு என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

அடுத்த வருடப் பூசைக்கு முந்தின வாரம், வார்னிஷ் அடிக்க நேரம் வந்துவிட்டதே என்று அக்கா வீட்டுக்குப் போனேன். சேவியர் இருந்தார். ஊருக்கு வந்து இரண்டு நாள் ஆகிறதாம். படத்தைக் கழற்றி மேசைமேல் படுக்க வைத்தேன். வார்னிஷ் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத அடிச்சா நெறம் மாறுமா மதாம்?"

பொய் சொல்ல ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. "மாறும் சார். இன்னும் ஒரு பொட்டு கறுப்பு ஏறும். பளபளன்னு வரும்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிங்க" என்றார். "வெள்ளிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிக்கப் போறதுக்கு முன்னாடி எங்கம்மா அப்படித்தான் இருக்கும். நான் போய் கட்டிக்குவேன், சட்டையெல்லாம் எண்ணெ ஆயிடும்னு தள்ளிவிடும்."

ஒரே கோட் அடித்தேன். காய்ந்த பிறகு அவரே பெட்டி செய்து பிரான்ஸுக்கு எடுத்துப் போனார். போகும்போது லூர்து அக்காதான் அழுதார், படம் வீட்டை விட்டுப் போகிறதே என்று. அவருக்கு இன்னொன்று வரைந்து கொடுத்தேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆர்டர் கொடுப்பவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார், இப்படி வேண்டும் அப்படி வேண்டும் என்று சொல்வார். வரையப்படுகிறவர் வந்து எதுவும் கேட்கப்போவதில்லை. அவரைப் பற்றி விசாரிக்க வேண்டியது நம் வேலை. நான் அதை விசாரிக்காமல் எத்தனை பேருடைய அம்மாவைப் பின்வரிசைக்கு அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் படங்களை இனி திருத்தவும் முடியாது. அந்தந்த வீட்டில் அவற்றின் முன்னால் தினமும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.