கதிரேசனுக்கு ஒரு வக்கீல்

போன வெள்ளிக்கிழமை காலை, புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையைக் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின்களை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள். தடுக்க என்னிடம் என்ன இருந்தது?

பட்டறை என் நண்பர் கதிரேசனுடையது. டவுனில் பல பேக்கரிகளுக்குக் கேக் பெட்டி அங்கிருந்துதான் போகும். கதிரேசன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் இல்லை. விழுப்புரத்தில் ஒரே அண்ணன் - பேச்சு நின்று பல வருடம். பட்டறையை நிஜத்தில் நடத்தியது பிள்ளைச்சாவடி மல்லிகா. பசை தடவ வந்தவர்; பதினெட்டு வருடத்தில் ஆர்டர் பிடிப்பது முதல் மெஷின் ரிப்பேர் வரை எல்லாம் அவர் பொறுப்பு.

ஆறு மாதம் முன்பு கதிரேசனுக்கு நெஞ்சுவலி. கோரிமேடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டறை மல்லிகாவுக்குப் போவணும்பா. உயில் எழுதணும். நல்ல வக்கீலா ஒருத்தரப் பாரு. உனக்குத்தான் நாலு பேரத் தெரியுமே."

தெரியும்தான். தேடினேன். முதல் வக்கீல் கிரிமினல் கேஸ் மட்டும்தான் எடுப்பாராம். இரண்டாமவர், குடும்பத்தில் யாருக்காவது பிரெஞ்சு குடியுரிமை உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது. மூன்றாமவருக்கு உயில் தெரியும், கம்பெனி விஷயம் தெரியாது. நானும் விடுவேனா? சொத்து, தொழில் இரண்டும் தெரிந்தவர்தான் வேண்டும் என்று பிடிவாதம்.

இதற்கிடையில் கதிரேசன் வீடு திரும்பி, பட்டறைக்கும் போக ஆரம்பித்தார். பார்க்கும்போதெல்லாம், "இன்னாப்பா ஆச்சு?" என்பார். "நல்ல ஆளா பாத்துனு இருக்கேன்" என்பேன்.

கடைசியில் ஒரு வக்கீலம்மாவைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் நல்லபடியாகச் சொன்னார்கள். அவருடைய ஜூனியர் போனில் ஒரு திங்கட்கிழமையைக் கொடுத்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, பட்டறைக்குக் கிளம்பிய கதிரேசன் வாசலிலேயே விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நான் மட்டும் போனேன். போன் செய்து சொல்லியிருக்கலாம்... ஏனோ போனேன். வக்கீலம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சார், உயிலுக்கு வக்கீல் இருந்தே ஆகணும்னு இல்ல. வெள்ளைத் தாள்ல எழுதி, ரெண்டு சாட்சி முன்னால அவர் கையெழுத்துப் போட்டு, அவங்களும் போட்டிருந்தாப் போதும். முத்திரைத்தாள் வேணாம். பதிவு பண்றதும் கட்டாயமில்ல."

நான்கு மாதம்!

அண்ணன் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் மல்லிகாவிடம் கேட்டார்: "தம்பி எழுதிக் குடுத்த பேப்பர் எதுனா இருக்காம்மா?" மல்லிகா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சட்டப்படி வாரிசு அண்ணன்தான். அவருக்குப் பட்டறை நடத்தத் தெரியாது, மெஷின்களை விற்றுவிட்டார்.

லாரி கிளம்பியதும் மல்லிகா தன் டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"வுடுங்க சார். நீங்களும்தான் எவ்ளோ அலைஞ்சீங்க."

அலைந்தேன்தான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கதிரேசனிடம் மட்டும் போகவில்லை.