அப்பா நோயாளியான காலை

எங்கள் வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: மாமியும் நானும். மாமி அப்பாவின் தங்கை. வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் ஊராரின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர். ஐந்தாம் ஆண்டு படித்த எனக்குச் சிங்களப் பாடத்தில் தொண்ணூறு எடுத்த தலைக்கனம் நிறையவே இருந்தது. அப்பா முப்பது வருடம் கொழும்பில் இருந்தும் சிங்களத்தைக் கதைப்பதோடு நிறுத்திக்கொண்டவர். யார் படிவத்தை நீட்டினாலும் கோடு தெரிந்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிடுவார்.

அந்த வருடம் மாமிக்கு முதலில் நித்திரை போனது, பிறகு பேச்சும் குறைந்தது. "எனக்கு ஏலாமல் கிடக்கு, வார்ட்டில விடுங்கோ" என்று அவரே கேட்டு மனநல வார்ட்டில் சேர்ந்தார். மூன்று வாரத்தில் தேறிவிட்டார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப டொக்டர் தயார், அப்பாதான் தயாரில்லை. அக்காவைப் பெண் பார்க்க அந்த ஞாயிறு கனடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தார்கள். மாமி யாழ்ப்பாணம் போயிருப்பதாக அவர்களிடம் சொல்லியாயிற்று. அவர்கள் திரும்ப விமானம் ஏறும்வரை மாமி உள்ளேயே இருக்கட்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு.

சனிக்கிழமை காலை, அம்மா பலகார வேலையில் இருந்ததால், அப்பா என்னையும் வார்ட்டுக்குக் கூட்டிப்போனார். மாமி பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். அப்பா நேரே நர்ஸிடம் போனார்.

"நான் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தனான். நான் சொன்னால்தான் விடலாம்."

நர்ஸ் கோப்பைத் திறந்தார். அப்பாவின் கையெழுத்து வால் நீட்டிக்கொண்டு இருந்தது. அதற்கு மேலிருந்த சிங்கள வரியைக் கண்டால் நான் சும்மா இருப்பேனா? எழுத்துக் கூட்டி உரக்க வாசித்து, தமிழும் சொன்னேன்.

"அப்பா, இதில நோயாளியின் கையொப்பம் எண்டு கிடக்கு. நீங்களோ நோயாளி?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில், நடந்தது ஒன்றும் தெரியாத புதிய உதவியாளர் ஒருவர் ஓடிவந்து, "வாடிவென்ன மாத்தயா", இருங்கோ ஐயா, என்று மெதுவாகப் பிடித்து வாங்கில் உட்காரவைத்தார். நான் நோயாளி இல்லை என்று அப்பா கத்தக் கத்த அவர் இன்னும் அன்பாகத் தோளைத் தடவினார். காலையில் ஏதும் சாப்பிட்டாரா என்பதைக்கூட அப்பாவிடம் கேளாமல் மாமியிடம் கேட்டார். எனக்குச் சிரித்து வயிறு நொந்தது.

மாமி சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "அவருக்கு வாய் இருக்கிறது, அவரிடமே கேளுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல விளையாட்டைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

அதற்குள் டொக்டர் வந்து கோப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அப்பாவின் பிழையைச் சேர்ந்த அன்றைக்கே கண்ட மாமி, வேறு படிவம் வாங்கி நிரப்பித் தானே ஒப்பமிட்டிருந்தார். "அவ தன்ர விருப்பத்தில வந்தவ, தன்ர விருப்பத்தில போகலாம். உங்கட கையெழுத்துத் தேவையில்லை" என்றார் டொக்டர், தனக்குத் தெரிந்த தமிழில். துண்டு வெட்டியாயிற்று. பஸ்ஸில் மாமி யன்னலோரம் இருந்து வந்தார். அவரை மீட்டுவந்த வீராங்கனை நான்தான் என்று பக்கத்தில் நிமிர்ந்து இருந்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய் யாழ்ப்பாணப் பயணத்தைப் பற்றி விசாரித்தார்.

"நான் யாழ்ப்பாணம் போகேல்லை. மனம் சுகமில்லாமல் வார்ட்டில இருந்தனான். நேற்றுத்தான் வந்தனான்" என்றார் மாமி.

அப்பாவின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. அந்த அம்மாள் பட்டிஸ் தட்டை மாமியின் பக்கம் நகர்த்தி, அவர் எடுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கல்யாணமும் நடந்தது.

பல வருடங்கள் இதை என் சிங்களத்தின் வெற்றியாகவே சொல்லித் திரிந்தேன். நான் வாசிக்க முன்பே மாமியின் கையெழுத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தது என்பது அப்போது விளங்கவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதும் விளங்கவில்லை. அப்பாவுக்கு ஐந்து நிமிடம் நடந்தது மாமிக்கு மூன்று வாரம் நடந்திருந்தது. அம்மாவோடு பார்க்கப் போகும்போதெல்லாம், அவர் கட்டிலில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமி சாப்பிட்டவவோ என்று நர்ஸிடம் கேட்டவள் நான்தான்.