சளி தாங்காதவர்கள் பெயர் கொடுக்கவும்

ஓசூரைத் தாண்டி மைசூர் எல்லைப் பக்கமாக ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருப்பதாக ஒரு நம்பிக்கை, அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் அந்த ஊரில் ஒரு பஸ் கம்பெனிக்கு புக்கிங் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் குளிர் என்பது மார்கழி பஜனைக்குப் போகிறவர்கள் பெருமைக்காகச் சொல்லிக்கொள்வது. இங்கே கார்த்திகை பிறந்ததும் தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. பனியன், சட்டை, அதற்கு மேல் இன்னொரு சட்டை, தலையைச் சுற்றித் துண்டு என்று நான் டிக்கெட் கொடுக்க உட்கார்ந்திருந்தால், யாரோ துணி மூட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எண்ணி ஜனங்கள் அடுத்த ஜன்னலுக்குப் போனார்கள். அடுத்த ஜன்னல் என்று ஒன்று கிடையாது.

குளிராவது பரவாயில்லை, பாஷை அதைவிடத் தொல்லை. ஒரே ஆள் டிக்கெட் கேட்பது கன்னடத்தில், இடம் இல்லை என்றால் சண்டை பிடிப்பது தெலுங்கில், போகிறபோது திட்டுவது தமிழில். எனக்குக் கடைசிப் பகுதி மட்டும் நன்றாகப் புரியும். இதில் வேடிக்கை என்னவென்றால் நாங்கள் பிறப்பால் தெலுங்குக்காரர்கள். தாத்தா காலத்திலேயே வீட்டில் தெலுங்கு தேய்ந்துபோய், என்னிடம் வந்து சேர்ந்தபோது ‘ரா’, ‘போ’ என்ற இரண்டு வார்த்தைதான் மிச்சம். அதிலும் ‘போ’ தமிழிலேயே இருக்கிறது.

அந்த ஒன்றே முக்கால் வார்த்தைத் தெலுங்கை நம்பி, கிருஷ்ணகிரியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. எங்கள் ஆட்கள்தான், ஆனால் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பெண்ணின் அப்பா மாந்தோப்பு குத்தகை எடுக்கிறவர். பெண்ணைப் பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் ஆட்சேபணை இல்லையாம். முப்பத்திரண்டு வயதில், முன்நெற்றி நாளுக்கு நாள் விசாலமாகிக்கொண்டிருந்த ஒருவன் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. பாக்கி ஒன்றுதான். பெண்ணின் அப்பாவும் அத்தையும் வெள்ளிக்கிழமை வந்து, நான் இருக்கிற இடத்தையும் இருக்கிற விதத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள்.

இடம் பரவாயில்லை. இருக்கிற விதம்தான் சரியில்லை. வந்த நாளிலிருந்து மூக்கும் நெஞ்சும் அடைத்து எனக்கு ஒரே சளி. வெள்ளிக்கிழமைக்குள் இதை எப்படித் தீர்ப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் பஸ் ஸ்டாண்டில் தமுக்குச் சத்தம் கேட்டது.

தமுக்கு அடிக்கிறவர் பஞ்சாயத்து போர்டின் ஆள். கழுத்து வரை கோணிப்பை போர்த்தியிருந்தார்.

“கேள்ரப்போ கேள்ரி! சளி ஜாஸ்தி ஆகிதெ!” என்று முதலில் கன்னடத்தில். பிறகு தெலுங்கில், “வினண்டி! சலி எக்குவ அயிந்தி!” மூன்றாவதாக, தமிழ் என்று அவர் உண்மையிலேயே நம்பிய ஒன்றில்:

“எல்லாரும் கேட்டுக்கோங்கோ! சளி ஜாஸ்தியாயிடுச்சு! நாளையிலேர்ந்து கொழாயில தண்ணி ஏழு மணிக்குத்தான் உடுவாங்கோ! சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல போர்டுக்காரங்க நெருப்பு போடுவாங்கோ! சளி தாங்காதவங்க போர்டாபீஸுக்கு வந்து பேர் குடுங்கோ! அவங்களுக்கெல்லாம்...”

அவர்களுக்கெல்லாம் என்ன என்பதை, அந்த நேரம் பார்த்து உறுமிக் கிளம்பிய பெங்களூர் பஸ் விழுங்கிவிட்டது. ஆனால் கேட்ட வரையில் என் கண்ணில் தண்ணீர் தளும்பியது. என்ன ஊர் இது! குடிமக்களின் சளிக்காகக் குழாயைத் தாமதமாகத் திறக்கிறார்கள், நெருப்பு போடுகிறார்கள், பெயர் எழுதிக்கொண்டு வைத்தியம் வேறு பார்க்கிறார்கள். எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருத்தன் நாள் முழுக்க மூக்கைச் சிந்தினாலும் ஏனென்று கேட்க நாதி கிடையாது.

மறுநாள் காலை போர்டு ஆபீஸில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று போனேன். எனக்கு முன்னால் கிழவர்களும் கிழவிகளும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. பாவம், முற்றிப்போய் இருமக்கூடத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. குமாஸ்தா கன்னடக்காரர், கம்பளிக் குல்லாய்க்குள் இருந்து என்னைப் பார்த்தார்.

“ஏனு, சளி தாங்கலயா?”

“தாங்கலை சார்.”

“ஒண்டி ஆளா?”

“ஒண்டிதான் சார். இன்னும் கல்யாணம் ஆகலை.”

“அதான் சளி தெரியுது!” என்று அவர் சிரித்தார். வரிசையில் இருந்த கிழவிகளும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வடக்கே போகப் போக வைத்திய முறை மாறும்போலிருக்கிறது என்று நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

“எப்ப ஜாஸ்தி?”

“விடிகாலைல சார். கட்டி கட்டியா வருது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கட்டியாவா? நம்ம ஊர்ல ஐஸு எல்லாம் உழாதே?”

“ஐஸ் இல்லீங்க. மஞ்சளா.”

“சளி மஞ்சளா?”

“நேத்து கொஞ்சம் பச்சையாக்கூட இருந்துது சார்.”

அவர் எழுந்து ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒரு இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பிய, நல்ல பரம்பரையில் வந்த இருமல். குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“கஃபா! இவருக்கு கஃபா!” என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினார்.

“காபியெல்லாம் எதுக்கு சார், சிரமம்” என்றேன்.

காபி வரவில்லை. உள்ளேயிருந்து சானிட்டரி மேஸ்திரி வந்தார். எட்ட நின்றே ரத்தம் வருகிறதா, ராத்திரியில் காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். என் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, “வீட்டுக்குப் போங்க, நாங்க வர்றோம்” என்றார். இவ்வளவு அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், வாசலில் ஆரம்பித்து நடை, கழிவுநீர்க் கால்வாய் எல்லாம் வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர். பினாயில் நாற்றம் தெருமுனை வரை வந்து என்னை அழைத்துப்போயிற்று. வீட்டுக்காரர் பாத்திரக்கடை பாய், மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்னா தம்பி காரியம் பண்ணீங்க? போர்டுக்காரனுங்க வந்து வூட்டையே மாவுல பொரட்டி எடுத்துட்டுப் போயிட்டானுங்க. எங்க வூட்டம்மா புள்ளைங்கள உள்ள போட்டுப் பூட்டிடுச்சு. உங்களுக்கு என்னா வியாதின்னு தெருவே கேக்குது.”

“வியாதி இல்லீங்க பாய். சளி தாங்காதவங்க பேர் கொடுக்கணும்னாங்க, போய்க் கொடுத்தேன்.”

 பாய் பவுடர் கொட்டிய படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்த சிரிப்பில் அவர் துண்டு கழன்று விழுந்தது.

“அட, நம்ம ஆளே! சளின்னா குளுரு தம்பி! கன்னடத்துல குளுரு, தெலுங்குல குளுரு. குளுரு தாங்காத ஏழைபாழைங்களுக்குக் கம்பளி குடுக்கறாங்க. நீங்க போயி மூக்குல வர்றதக் கணக்கு சொல்லிட்டு வந்தீங்களா?”

கட்டி கட்டியாக, மஞ்சளாக என்று நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குமாஸ்தா ஏன் வானத்தைப் பார்த்தார் என்பதும் விளங்கிற்று.

இது ஊரோடு நின்றிருந்தால் நான் மூட்டையைப் போல உட்கார்ந்து காலம் தள்ளியிருப்பேன். எங்கள் கம்பெனி கண்டக்டர் ஒருவர் ஊர்ச் சமாசாரங்களை டிக்கெட் இல்லாமலே ஏற்றிச்செல்கிறவர். கிருஷ்ணகிரி டிரிப் போய்விட்டு வந்தவர் என் ஜன்னலில் கையை ஊன்றினார்.

“மாப்ளே, உங்க மாமனாரப் பாத்தேன். பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அவர் எதுக்குப் பயப்படப் போறார்?”

“நான் பயப்படாதீங்கன்னு சொன்னப்புறம்தான் பயந்தாரு. மருந்து தெளிச்சாங்களாமேன்னு கேட்டாரு. அது சும்மா ஒரு வண்டி பவுடர்தான்னு சமாதானம் சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். வருவார்களா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாமா நெடிய மனிதர், கோட்டுக்கு மேல் சால்வை. அத்தை குட்டையாக, எல்லாவற்றையும் ஒரு முறைக்கு இரு முறை பார்க்கிறவர். வீட்டை வாசலோடு பார்த்துவிட்டு, உள்ளே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே போர்டு ஆள் ஒருவர் அன்றைய நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெலுங்கு வராது என்பதால் மாமா எனக்காகச் சிரமப்பட்டு நல்ல தமிழில் பேசினார். அவர் அப்படி ஒரு தயவு செய்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. நானோ அதற்குள் ஊர்ப் பாஷை கற்றுத் தேர்ந்துவிட்டேன் அல்லவா?

“தம்பி, மறைக்காம சொல்லணும். சளி எப்படி இருக்குது?”

குளிரைக் கேட்கிறார்! நான் தெம்பாகிவிட்டேன். “ஜாஸ்திதாங்க மாமா. இந்த வருஷம் மாதிரி எப்பவுமே இல்லைன்னு ஊரே பேசிக்குது.”

“ஊரே பேசுதா?”

“ஆமாங்க. தமுக்கு அடிச்சே சொன்னாங்களே.”

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“ராத்திரி தூக்கம் வருதா?”

“முதல்ல கஷ்டமாத்தான் இருந்துது மாமா. இப்ப பழகிடுச்சு. சொல்லப்போனா எனக்குச் சளி பிடிச்சே போச்சு.”

“புடிச்சிடுச்சின்னுதான் நாங்களும் கேள்விப்பட்டோம்.”

“இது இல்லாட்டி என்னவோ போல இருக்கும் மாமா. நீங்க கவலையே படாதீங்க. உங்க பொண்ணு இங்க வந்தா, ஒரே மாசத்துல அவங்களுக்கும் வந்து பழகிடும்.”

அத்தை ‘அய்யய்யோ’ என்று முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடினார். மாமாவைக் கையைப் பிடித்து நாலு அடி தள்ளி இழுத்துப்போனார். இரண்டு பேரும் தெலுங்கில் குசுகுசுவென்று பேசினார்கள். ‘போ’ என்பது மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது. அந்த முந்தானையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த முறை அவர் கேட்டது தமிழ்ச் சளி.

ஓடிப்போய், தமுக்கு, பெங்களூர் பஸ், குமாஸ்தா, காபி என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். மாமா நம்புவதா வேண்டாமா என்று அத்தையைப் பார்த்தார். அத்தை என் நெஞ்சைப் பார்த்தார்.

“சாதாரண சளின்னா சரி. வேற என்னாவோ இருந்தா? பொண்ணு வாழ்க்கைங்க தம்பி.”

அத்தை சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் இருமல் என்றால் எல்லோருக்கும் க்ஷயம் என்கிற அந்த ஒரு வியாதிதான் ஞாபகம் வரும். பஸ் வருவதற்குள் ஒரு தடவைகூட இருமக் கூடாது என்று அப்போதே தீர்மானித்தேன்.

போர்டு ஆள் நெருப்பைப் பற்றவைத்தார். விறகு என்று அவர் அடுக்கியிருந்தது பச்சை உண்ணிச்செடி, பனியில் நனைந்தது. நெருப்பு வரவில்லை, புகை வந்தது. வெள்ளையாகத் திரண்டு பஸ் ஸ்டாண்டையே மூடிவிட்டது. குளிர்காய வந்தவர்கள் அத்தனை பேரும் இருமினார்கள். கண்டக்டர் இருமினார், தமுக்குக்காரர் இருமினார், கயிற்றில் கட்டியிருந்த ஆடு ஒன்று இருமிற்று. நான் இருமவில்லை. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, தூண் மாதிரி நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

“எதுக்கு அழுவறீங்க?” என்று அத்தை இருமலுக்கு நடுவே கேட்டார்.

வாயைத் திறந்தால் போச்சு. தலையை மட்டும் ஆட்டினேன்.

“அத்தை கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க மாப்ளே!” என்று கண்டக்டர் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

அவ்வளவுதான். அடக்கிவைத்திருந்த அத்தனையும் வெடித்துக்கொண்டு வந்தது. இடுப்பை மடக்கி, துண்டு பறக்க இருமினேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கல்யாணம் அதோடு ஓடுவதாகவே எனக்குத் தோன்றியது.

நிமிர்ந்து பார்த்தால் மாமாவும் அப்படியே மடங்கி நின்று இருமிக்கொண்டிருந்தார். அத்தையும்தான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மாற்றி மாற்றி இருமினோம். முதலில் சிரித்தது அத்தை.

“ஊரே இருமுது. இவருக்கு மட்டும் எதுக்கு ஒரு வண்டி பவுடரு?” என்றார்.

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முதல் தடவையாக என்னிடம் தெலுங்கில் பேசினார்.

“சலி போயினாக முகூர்த்தம் பெட்டுகுந்தாம், மாப்பிள்ளே!”

சளி போன பிறகு என்றாரே, எந்தச் சளி? கண்டக்டரைக் கேட்டேன். “குளுரு போனப்புறம்னு சொல்றாரு” என்றார். தமுக்குக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “இல்லப்பா, நெஞ்சுச் சளியத்தான் சொல்றாரு.” இவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓடினேன்.

“எந்தச் சளி மாமா?”

அத்தை பின் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். “ரெண்டும்!”

பஸ் திரும்பி மறைந்தது. முகூர்த்தம் என்ற வார்த்தைக்கு எல்லாப் பாஷையிலும் ஒரே அர்த்தம்தான் என்பது என் மண்டைக்கு எட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. எட்டியதும் நெருப்புப் பக்கம் திரும்பி வந்தேன். உண்ணிச்செடி அப்போதுதான் லேசாகப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதன் பக்கத்தில் குந்தி, யாருக்கும் பயப்படாமல், வாய்விட்டு இருமினேன்.