பவுடர் டப்பா இருந்த முதலுதவிப் பெட்டி

எங்கள் வேங்கிக்கால் ஆபீசுக்கு வந்த புது முதலுதவிப் பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது. கையுறை, கத்தரி, விரலுக்கென்றே மெல்லிய பிளாஸ்திரி. சரிபார்த்துக் கையெழுத்துப் போடவே அலுப்பாக இருந்தது. ஸ்பிரிட் வாசனையே அறியாத ஒரு பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா தனியார் பஸ் கண்டக்டர். டிரைவர் தலைக்கு மேலே, சிவப்புக் கூட்டல் குறி போட்ட தகரப் பெட்டிக்குள் அவருடைய சீப்பும் பவுடர் டப்பாவும்தான் இருக்கும். தொண்ணூற்றிரண்டு வாக்கில் ஒரு காலை, டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போன அக்கா ஒருத்தியின் ஆள்காட்டி விரலில் ஜன்னல் ஷட்டர் விழுந்தது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன்.

"பொட்டியத் தொறங்கண்ணா!" என்று அலறினாள்.

அப்பா திறந்தார். பவுடர் மணந்தது.

"பவுடரு போட்டுக்கினு கல்யாணத்துக்கா போவுது அந்தப் பொண்ணு?" என்றார் பின்சீட்டுப் பெரியவர். பஸ்ஸே சிரித்தது. அப்பா தலைநிமிராமல் தன் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினார். விரல் வாழைப்பூவாய்ப் பருத்துவிட்டது. அதை வைத்து ஒரு எழுத்தைக்கூடத் தட்ட முடியாது.

ஸ்டாண்டில் அவள் இறங்கும்போது, "பரீட்சை எழுதிடுவியாம்மா?" என்றார் அப்பா.

"இன்னும் ஒம்பது வெரலு இருக்குதுண்ணா, பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அந்தப் பொட்டியில கொஞ்சம் பஞ்சு வைங்க."