நான்கு மணிக்கு மூடும் மையம்

வியாசர்பாடியில் அங்கன்வாடி உதவியாளராக இருந்த ரமாபாய், அந்த வேலையை விட்டுவிட்டுப் பதினெட்டு வருஷமாக ஒரே கோரிக்கையோடு அரசு அலுவலகங்களுக்கு நடந்தாள். நான்கு மணிக்கு மூடும் குழந்தைகள் மையத்தை, தாய்மார் வேலை முடிந்து திரும்பும்வரை திறந்து வைக்க வேண்டும். புள்ளிவிவரம் கேட்டார்கள், கொடுத்தாள். போன வருஷம், பாதிக்கப்பட்ட தாய் ஒருத்தியைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

ஷாலுவைக் கெஞ்சிக் கூட்டிப்போனாள். ஷாலு ராயபுரத்தில் இறால் உரிக்கப் போகிறவள். அவளுடைய இரண்டு வயது மகன் பகலவன், மையம் மூடியபின் ஏழு வயது அக்காவோடு வீட்டில் இருந்தபோது, தண்ணீர் பக்கெட்டில் தலைகுப்புற விழுந்து செத்துப்போனான். எட்டு அதிகாரிகள் முன்னால் அவள் அதை அழாமல் சொல்லி முடித்தாள்.

ஏழு மாதம் கழித்து ஆணை வந்தது. சோதனை முயற்சியாக ஒரே ஒரு மையம், அதுவும் நகரத்தின் வேறொரு மூலையில். ரமாபாய் அந்தத் தாளை ஷாலுவிடம் கொண்டுபோனாள்.

"நம்ம பக்கம் எப்போக்கா?"

"கேட்டுகினுதான் கீறேன்."

"இதுல எம்புள்ள பேரு எங்க கீது?"

மனுவிலேயே 'ஒரு குழந்தை' என்று மாற்றி எழுதியது ரமாபாய்தான். பெயர் போட்டால் யாரோ ஒருத்தியின் சொந்தக் கஷ்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என அப்போது நினைத்திருந்தாள். அதை மறைக்காமல் சொன்னாள்.

ஷாலு தாளை மடித்துத் திருப்பித் தந்தாள். "இனிமே என்னைக் கூப்டாதக்கா. இன்னொரு வாட்டி என்னால சொல்ல முடியாது."

அடுத்த கூட்டத்துக்கு ரமாபாய் தனியாகப் போனாள். தாய் யாரும் வரவில்லையா என்று கேட்டார்கள். இனி யாரையும் கூட்டிவர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மனுவை நீட்டினாள்.